ஆல்பம் என்றால் என்ன? அரோராவின் முதல் ஆல்பத்தோடு ஓர் அறிமுகம்

ரீல்ஸ் பார்க்கிறவராக இருந்தால் இந்தக் குரல் எப்போதாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். மெல்லிசான, கொஞ்சம் குழந்தைத்தனம் ஒட்டியிருக்கும் பெண் குரல். தூரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்ததாகச் சொல்லிவிட்டு, போதும், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ என்று ஆங்கிலத்தில் கெஞ்சும். 15 நொடி, மிஞ்சிப்போனால் 20 நொடி. அதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

அந்தப் பாட்டின் பெயர் 'ரன்அவே'. பாடியவர் நார்வேயைச் சேர்ந்த அரோரா அக்ஸ்னெஸ். அரோரா என்ற ஒற்றைப் பெயரில்தான் பாடுகிறார். 2015-இல் வெளியான பாட்டு, 2021-இல் டிக்டாக்கில் திடீரென்று பரவியது. இந்தியாவில் டிக்டாக்கை 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டதால் இங்கே பலருக்கு அது ரீல்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. எனக்கும் அப்படித்தான். அந்தத் துண்டைப் பலமுறை கேட்ட பிறகுதான் இது ஓர் ஆல்பத்தின் முதல் பாட்டு, இதற்குப் பின்னால் இன்னும் 11 பாட்டு வரிசையில் நிற்கிறது என்று தெரிந்தது. ஓர் இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். அதற்கப்புறம் அந்த 15 நொடியே வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது.

எப்படி வேறு மாதிரி ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பாப் இசையில் ஆல்பம் என்பது என்ன, பாட்டுகளை ஏன் யோசித்து யோசித்து வரிசைப்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஓர் ஆல்பத்தை வைத்தே விளங்கிவிடும். மேற்கத்திய இசை பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பேச்சில் ஆல்பத்துக்கு மூன்று பொருள் இருக்கிறது. கல்யாண ஆல்பம் ஒன்று. ஒரு படத்தின் பாட்டுகள் மொத்தத்தையும் சேர்த்து 'ஆல்பமே ஹிட்டு' என்கிறோமே, அது இரண்டு. சினிமாவில் இடம்பெறாமல் தனியாக வரும் பாட்டை 'ஆல்பம் சாங்' என்கிறோம், அது மூன்று. பாப் உலகத்தில் இந்த மூன்றாவதற்கு சிங்கிள் என்று பெயர். நாலைந்து பாட்டாக வந்தால் இ.பி. பத்துப் பன்னிரண்டு பாட்டுகளை ஒரே படைப்பாக, ஒரே தலைப்பில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் வெளியிட்டால் அதுதான் ஆல்பம்.

இந்த மூன்றில் சொல்லின் வேருக்குப் பக்கத்தில் இருப்பது கல்யாண ஆல்பம்தான். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான ஒரு சிம்ஃபனியைப் பதிய வேண்டுமானால் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைக் காகித உறைகளில் செருகி, உறைகளையெல்லாம் புத்தகம் போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். பார்ப்பதற்கு அப்படியே போட்டோ ஆல்பம்; பெயரும் அதுவே ஆகிவிட்டது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பதியலாம். அதுவரை புத்தகமாக இருந்தது ஒரே தட்டுக்குள் அடங்கியது, பெயர் மட்டும் அப்படியே நின்றது. பாப் பாட்டு மூன்று நான்கு நிமிடத்தில் முடிவதும், ஆல்பம் முக்கால் மணி நேரத்தை ஒட்டி நிற்பதும் அந்தத் தட்டுகள் விட்டுப்போன பழக்கம்.

சினிமாப் பாட்டுகளுக்கு வரிசையைக் கதை கொடுத்துவிடுகிறது. அறிமுகப் பாட்டு எங்கே, காதல் பாட்டு எங்கே, சோகப் பாட்டு எங்கே என்பதெல்லாம் திரைக்கதை சொல்லும். பாப் ஆல்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அப்படிப் படமும் கிடையாது, கதாபாத்திரமும் கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது மனசு எங்கே இருக்க வேண்டும் என்பதை வரிசைதான் பார்த்துக்கொள்கிறது. கதை செய்கிற வேலையை அங்கே வரிசை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அரோரா. 1996 ஜூன் 15-இல் ஸ்டவாங்கர் நகரில் பிறந்தார். வளர்ந்தது நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஓஸ் என்ற பகுதியில், ஒரு ஃபியோர்டின் கரையில். பனியாறு குடைந்துபோட்ட பள்ளத்தில் கடல் உள்ளே புகுந்து நிற்கும் இடத்துக்குத்தான் ஃபியோர்டு என்று பெயர். சுற்றிலும் மலை, காடு, அசையாத தண்ணீர். பெர்கனோ மழைக்குப் பேர்போன ஊர். இந்த ஆல்பம் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதில் ஆச்சரியமில்லை.

சின்ன வயதிலேயே பியானோவில் உட்கார்ந்து தானாகவே மெட்டுக் கண்டுபிடிக்க ஆரம்பித்தவர், ஒன்பது வயதுவாக்கில் வரிகளும் எழுதத் தொடங்கினார். 'ரன்அவே'யைப் பதினோரு பன்னிரண்டு வயதில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பாடகியாகும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. எழுதியதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார். பள்ளியில் பாடிய ஒரு பாட்டு இணையத்தில் ஏறி, கலைஞர்களின் வேலைகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம் தேடி வந்தபோதும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். இந்தப் பாட்டு யாருக்காவது தேவைப்படலாமே என்று மனதை மாற்றியவர் அம்மா.

அவரைப் போன்றவர்களைப் பாடகர்–பாடலாசிரியர் என்பார்கள். மெட்டு, வார்த்தை, குரல் மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வரும். நாம் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள். அதனால் பாட்டில் 'நான்' என்று வந்தால் அது கதாநாயகியின் 'நான்'. பாடுகிறவருடையது என்று நாம் நினைப்பதே இல்லை. இங்கே எழுதியவரே பாடுவதால் கேட்பவர் மனசு உடனே 'இது இவர் வாழ்க்கை' என்று போய்விடும். பல பாட்டில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் டைரியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இதே ஆல்பத்தில் 'மர்டர் சாங்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கொல்லப்பட்ட பெண்ணே நடந்ததைச் சொல்கிறாள். அவன் இரக்கத்தால்தான் என்னைக் கொன்றான் என்று தாலாட்டு மாதிரி ஒரு மெட்டில் பாடுகிறாள். சிறுகதை எழுதுகிறவர் ஒரு பாத்திரத்துக்குள் போய் 'நான்' என்று எழுதுவது போலத்தான் இதுவும்.

இன்னொரு சொல்லும் நம்மைக் குழப்பும்: தயாரிப்பாளர். சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். பாப் ஆல்பத்தின் ப்ரொட்யூசர் ஒலியை உருவாக்குகிறவர். எந்த இடத்தில் டிரம் நுழைய வேண்டும், குரல் எவ்வளவு பக்கத்தில் கேட்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் கலைஞரோடு உட்கார்ந்து முடிவு செய்வார். அரோராவின் முதல் ஆல்பத்தில் அந்த வேலையைப் பெரிதும் செய்தவர்கள் ஒட் மார்ட்டின் ஸ்கோல்னெஸ், மாக்னுஸ் ஸ்கில்ஸ்தாட் என்ற இரண்டு நார்வேக்காரர்கள்.

ஆல்பத்தின் பெயர் கொஞ்சம் நீளம்: 'ஆல் மை டீமன்ஸ் க்ரீட்டிங் மீ ஆஸ் எ ஃப்ரெண்ட்'. என் பேய்களெல்லாம் என்னைச் சிநேகிதியாக வரவேற்கின்றன என்று பொருள். 2016 மார்ச் 11-இல் வெளியானபோது அவருக்கு வயது 19. பேயை விரட்டுவது பற்றித்தான் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கதவைத் திறந்ததும் அது கைநீட்டி வா என்று கூப்பிட்டால் என்ன செய்வது? பயம், துக்கம், தனிமை எல்லாவற்றோடும் இந்தப் பெண் அப்படித்தான் பழகுகிறார். தலைப்பை மனசில் வைத்துக்கொண்டு கேட்டால் பாட்டுகள் இன்னும் தெளிவாகத் திறக்கும்.

ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார் என்று தோன்றலாம். நார்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். அங்கே பெரியவர்களுக்கான வெளிநாட்டுப் படங்களையும் தொடர்களையும் டப் செய்யாமல் சப்டைட்டிலோடு போடுவதுதான் வழக்கம் என்பதால் ஆங்கிலம் சிறு வயதிலேயே காதில் ஏறிவிடும். 1985-இல் நார்வேயின் ஆ-ஹா குழுவின் ஆங்கிலப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகு, அந்த வழி நார்வேக்காரர்களுக்குப் பழகிப்போன வழியாகவும் ஆகிவிட்டது.

சரி, 'ரன்அவே'யைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு பாப் பாட்டின் கட்டுமானம் இதில் நன்றாகத் தெரியும்.

நம் பாட்டில் பல்லவிதான் வாசல். முதலில் அதைப் பாடிவிட்டு, சரணத்துக்குப் போய், மறுபடி பல்லவிக்கு வருவோம். பாப் பாட்டில் இது பெரும்பாலும் தலைகீழ். சரணம் மாதிரி ஒரு பகுதி முதலில் வரும். அதற்கு வெர்ஸ் என்று பெயர். அது மெதுவாகக் கட்டிக்கொண்டு போய், பல்லவி மாதிரி ஒரு பகுதியில் உடைந்து திறக்கும், அது கோரஸ். கேட்டவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு சின்னத் துண்டு இருக்கிறதே, அதற்கு ஹூக், அதாவது கொக்கி, என்று பெயர்.

'ரன்அவே'யின் முதல் வெர்ஸில் அவள் கடலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மணலில் ஒரு முகம் தெரிகிறது. கையில் எடுத்தால் கரைந்துபோகிறது. அப்புறம் ஒரு கனவு: ஏழு வயது, மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறாள், மேலே சொர்க்கத்தின் ஒரு துண்டு பொறுமையில்லாமல் காத்திருக்கிறது. இந்த வரிகளையெல்லாம் குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலப் பாடுகிறார். பிறகு ஓட்டம் தொடங்குகிறது. தாளமும் குரலும் மேலே ஏறுகின்றன. உலகத்தின் விளிம்பைத் தாண்டி ஓடிவிடுவேனோ என்று கேட்கிறாள். மழையில் ஆடுகிறாள், உயிரோடு இருப்பதாக உணர்கிறாள். அந்த உச்சத்தில் ஒரு திருப்பம்: இப்போது என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ. ஓடிப்போனவளின் பாட்டில் கொக்கியாக நிற்பது வீடு என்ற சொல். இது பதினோரு பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஹெட்போனில் கேட்டால் இன்னொன்றும் தெரியும். கோரஸில் பின்னாலிருந்து பல பெண்கள் சேர்ந்து பாடுவது போல இருக்கும். பெரும்பாலும் அது அரோராவே. ஒரே வரியை வேறு வேறு சுருதியில் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். தனியாக இருக்கும் பெண்ணைச் சுற்றி அவள் குரலே கூட்டமாக நிற்கும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பவளுக்குத் துணை, அவளுடைய குரல்கள் மட்டும்தான். அடுக்குக் குரல் என்ற தொழில்நுட்பம் இங்கே பாட்டின் பொருளாகவே ஆகிவிடுகிறது.

அந்தக் குரலை ரீல்ஸில் கேட்காதவர்கள்கூட ஒரு படத்தில் கேட்டிருக்கலாம். 2019-இல் வந்த 'ஃப்ரோசன் 2'வில் எல்சாவைத் தூரத்திலிருந்து கூப்பிடும் ஒரு குரல் வருமே, அது அரோராவுடையது. (அதன் தமிழ் வடிவத்தில் எல்சாவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதிஹாசன்.) நார்வேயிலும் ஸ்வீடனிலும் கோடைக்காலத்தில் மாடு ஆடுகளை மலைமேல் மேயவிட்டுவிட்டு, அவற்றைத் திரும்ப அழைக்கப் பெண்கள் உச்ச ஸ்தாயியில் பாடும் பழைய வழக்கம் உண்டு. படத்தில் வரும் கூவல் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. மலைக்கு மலை கேட்க வேண்டும் என்பதற்காகவே மெலிந்து கூர்மையான குரல். அரோரா உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மேய்ச்சல் மலைதான் ஞாபகம் வரும்.

இப்போது வரிசைக்கு வருவோம்.

'ரன்அவே' முடிந்த கையோடு 'கான்கரர்' என்று துள்ளலான ஒரு பாட்டு. யாரோ ஒரு வீரன் வந்து காப்பாற்றுவான் என்று தேடுகிறாள். அவன் வருகிற வழியாக இல்லை. 'ஃபிஃபா 16' வீடியோ கேமிலும் இந்தப் பாட்டு உண்டு. மூன்றாவது 'ரன்னிங் வித் த வுல்வ்ஸ்': யாரும் வராவிட்டால் என்ன, நான் ஓநாய்களோடு ஓடுகிறேன் என்கிற பாட்டு. பிறகு 'வுல்ஃப்வாக்கர்ஸ்' என்ற 2020-ஆம் ஆண்டு அனிமேஷன் படத்துக்காக இதை மறுபடி பாடிக் கொடுத்தார். முதல் பாட்டில் தனியாக ஓடியவளுக்கு மூன்றாவது பாட்டில் ஒரு கூட்டம் கிடைத்துவிடுகிறது பாருங்கள். தனித்தனியாகக் கேட்டால் இது தெரியவே தெரியாது.

நாலாவதும் ஐந்தாவதும், 'லக்கி', 'விண்டர் பேர்ட்', வேகத்தைத் தணிக்கும் பாட்டுகள். எல்லா ஆல்பத்துக்கும் இப்படி மூச்சு வாங்கும் இடங்கள் வேண்டும். ஆறாவதான 'ஐ வென்ட் டூ ஃபார்' ஆட வைக்கும் தாளத்தில் அழ வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறது: அன்புக்காக மண்டியிட்டுக் கெஞ்சும் அளவுக்குப் போய்விட்டேன் என்று. கால் தாளம் போட, மனசு கூசும். இந்த முரண் பாப் இசையின் பெரிய பலங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

ஏழாவது, 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ சைல்ட்'. உலகத்தை ஒரு குழந்தையின் கண்வழியாகப் பார்க்கவே விரும்புகிறேன் என்று கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகப் பாடும் பாட்டு. 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடாலசன்ஸ்' பிரிட்டிஷ் தொடரைப் பார்த்தவர்களுக்குக் கடைசிக் காட்சி மறந்திருக்காது. கொலை வழக்கில் கைதான 13 வயது மகனின் காலி அறைக்குள் அப்பா நுழையும் காட்சி. அங்கே ஒலிப்பது இந்தப் பாட்டு. ஆல்பத்தில் இது கிட்டத்தட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு அடுத்தது 'வாரியர்', போராளி. அதற்கும் அடுத்தது, மேலே சொன்ன 'மர்டர் சாங்'. குழந்தைக் கண், போராளி, கொலை. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைக்கும் துணிச்சல் இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். குழந்தைக் கண்ணைப் பற்றி மட்டும் பாடியிருந்தால் இனிப்பாகப் போயிருக்கும். அடுத்த பாட்டில் அவள் கையில் ஆயுதம் இருக்கிறது. அதற்கடுத்ததில் அவளே சாகிறாள்.

அப்புறம்தான் பத்தாவது பாட்டு வருகிறது. அதன் பெயர் 'ஹோம்'. வீடு.

முதல் பாட்டில் கெஞ்சிக் கேட்ட அதே சொல். ஒன்பது பாட்டுகள் ஓடி, ஓநாயோடு சேர்ந்து, குளிரில் உறைந்து, மண்டியிட்டு, செத்தும் பிழைத்த பிறகு, தலைப்பாகவே வந்து நிற்கிறது. அன்றைக்கு இரவு இந்தத் தலைப்பைத் திரையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இப்படி நினைத்துத்தான் அடுக்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் ஒரு சொல்லை எடுத்து, அதைச் சுமந்துகொண்டு ஒன்பது பாட்டுத் தூரம் நடந்து, மறுபடி அதைச் சந்திக்கும் அனுபவம் ஒற்றைப் பாட்டில் கிடைக்காது. ரீல்ஸில் அந்த 15 நொடி ஒரு கேள்வி மாதிரிக் கேட்டு முடிந்துவிடும். ஆல்பத்தில் அந்தக் கேள்வி காத்திருக்கிறது.

வீட்டோடு முடிந்துவிடும் என்று பார்த்தால் இன்னும் இரண்டு பாட்டு. 'அண்டர் த வாட்டர்', தண்ணீருக்கடியில். கடைசியாக 'பிளாக் வாட்டர் லில்லீஸ்', கறுப்பு அல்லிகள்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் ஒன்றிரண்டு விஷயம். பல செயலிகள் பாட்டுகளைக் கலைத்துப் போடும். ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். 2021 நவம்பரில் தன் ஆல்பம் வெளியானபோது பிரிட்டிஷ் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக, ஆல்பப் பக்கத்தில் தானாகவே ஷஃபிள் ஆவதை ஸ்பாட்டிஃபை நிறுத்தியது. வரிசை என்பது கலைஞர்களுக்கு அவ்வளவு முக்கியம். இந்த ஆல்பத்துக்கு டீலக்ஸ் பதிப்பும் உண்டு. அதில் 12 பாட்டுகளுக்கு மேல் கூடுதல் பாட்டுகள் ஒட்டியிருக்கும். 2015-இல் பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடையின் கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்காக அவர் பாடிய ஓயேசிஸ் குழுவின் பாட்டும் அதில் ஒன்று. நல்ல பாட்டுதான், ஆனால் முதல் தடவை 12-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம், அது இரண்டாம் தடவைக்கு. ஆங்கிலம் பாதிதான் புரிந்தாலும் பரவாயில்லை; குரல் எங்கே தனியாக நிற்கிறது, எங்கே கூட்டமாகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதற்குப் பிறகு அவர் 2018, 2019, 2022, 2024 ஆண்டுகளில் வேறு ஆல்பங்களும் தந்திருக்கிறார். ஒலி பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. நான் இன்னும் முதலாவதற்கே திரும்பி வருகிறேன்.

அந்த இரவு கறுப்பு அல்லிகள் அடங்கி அறை நிசப்தமானதும், கை தானாகப் போய் மறுபடி முதல் பாட்டை அழுத்தியது. கடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் ஆரம்பித்தாள். போன தடவை அது ஒரு பாட்டின் முதல் வரி. இந்தத் தடவை, அந்தக் கடலுக்கு அடியில் போய் வந்தவளின் குரலாக அது கேட்டது.